தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது

தபால்தலையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் மேசையில் எப்போதும் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீரில் ஒரு துண்டுப் பஞ்சு. பஞ்சில் ஒரு தடவு தடவி ஒட்டினால் தலை கோணாமல், விளிம்பு மடங்காமல் மூலையில் சப்பென்று உட்காரும். முப்பத்தொரு வருஷ வேலையில் நாக்கை நீட்டியவள் இல்லை நான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கடைசியில் ஒரு உறையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். நானும் குறிப்பெடுத்தே வயதானவள். வேகமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எழுதுகிறவருக்கு எப்படி எரிச்சல் வரும் என்று தெரியும்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். ஆள்கடத்தலை ஒழிப்பதற்கான மூன்று நாட்டுக் கூட்டு மையத்தில் கடிதப் பிரிவின் கண்காணிப்பாளர். வாசலில் இந்தப் பெயரை மூன்று மொழியிலும் எழுதி மாட்டிய பலகை அவ்வளவு நீளம்; என் சன்னலில் பாதியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வேலை. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், ஒரு இரும்பு அலமாரி, உறை ஒட்டுகிறவர் ஒருவர். அவருக்கும் என் வயதுதான். எல்லாரும் அவரைக் கோந்து என்று கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் என்ன பெயர் இருக்கிறதோ, அவருக்கே மறந்திருக்கும்.

மூன்று நாடு என்றால், பெண்கள் புறப்படுகிற நாடு ஒன்று, போய்ச் சேருகிற நாடு ஒன்று, நடுவில் கப்பல் ஒரு ராத்திரி தங்கிப் போகிற நாடு ஒன்று. துறைகள் ஏழு. போலீஸ், குடியேற்றம், தொழிலாளர், பெண்கள் நலம், துறைமுகம், வெளியுறவு என்று ஆறு. ஏழாவது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து காற்று வருகிற நாற்காலியில் உட்காருகிறவர் அவர்தான்.

முதல் கூட்டத்திலேயே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. 'கடத்தப்பட்டவர்' என்று நான் குறிப்பில் எழுதியிருந்தேன். புறப்படுகிற நாட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் மண்ணிலிருந்து யாரும் யாரையும் கடத்தவில்லை, கையில் பாஸ்போர்ட்டோடு சிரித்துக்கொண்டே கப்பல் ஏறினார்கள், அதனால் 'போனவர்' என்று எழுதுங்கள் என்றார். சேருகிற நாட்டுக்காரர் விடுவாரா? நாங்கள் யாரையும் அழைக்கவில்லை, அவர்களாக வந்தார்கள், 'வந்தவர்' என்பதுதான் சரி என்றார். நடு நாட்டுக்காரர், எங்கள் தரையில் அவர்கள் கால்கூட வைக்கவில்லை, 'கடந்தவர்' என்று போட்டால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் பேனாவைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்படியே மூன்று வருஷம். தேநீர் கொண்டுபோன கோந்து வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"போனவருன்னா, போய்ச் சேர்ந்தவருன்னுல்ல மேடம் அர்த்தம் வருது. இருக்கறவங்களை இப்பவே அனுப்பிடறாங்களே."

மூன்றாம் வருஷக் கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஏழாவது துறைக்காரர் தொண்டையைச் செருமினார். "சம்பந்தப்பட்டவர்னு போட்டுட்டா என்ன?" என்று கேட்டார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்குக் கிரீம் வைத்த பிஸ்கட் வந்தது.

சொல் கிடைத்துவிட்டது. அடுத்தது, சம்பந்தப்பட்டவரைப் போய் மீட்பது யார் என்ற கேள்வி. போலீஸ் போனால் பின்னால் வருகிறோம் என்றது குடியேற்றம். தொழிலாளர் துறை கதவைத் தட்டட்டும், திறந்தால் நாங்கள் நுழைகிறோம் என்றது போலீஸ். கதவு துறைமுக எல்லைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும் என்றது துறைமுகம். ஏழு துறையும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட காரியம் ஒன்றே ஒன்று: வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று வேலை நாளுக்குள் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று பதில் போட வேண்டும். அந்த விதியை எழுதியது நான்.

நல்ல விதி. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்றச் சொன்னால் எனக்கு மனசு வராது. சம்பந்தப்பட்டவரின் கௌரவத்தை நினைத்து, உறையின் மேல் பெயர் எழுதக் கூடாது என்று வைத்தேன். 'சம்பந்தப்பட்டவர்' என்று போட்டு, கீழே முகவரி. பெயர் உள்ளே இருக்கும். அவர் எழுதிய கடிதத்தின் நகலும் உள்ளே இருக்கும். நாம் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று அவரே ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். நாம் எடுக்கப்போகிற நடவடிக்கை ஏதாவது இருந்தால் அதையும் தேதியோடு தெரிவிக்க வேண்டும். ஒளிவுமறைவு இருக்கக் கூடாதில்லையா? எல்லாம் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து. வாங்கிக்கொண்டவர் அட்டையில் கையெழுத்துப் போடுவார், அட்டை எனக்குத் திரும்பி வரும், நான் கோப்பில் சேர்ப்பேன்.

மையத்துக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டார் எழுதுவது. மகளைக் காணோம், மருமகளைக் காணோம் என்று. சம்பந்தப்பட்டவர்களே நேராக எழுதியது ஒரே ஒரு இடத்திலிருந்துதான். சேருகிற நாட்டில், துறைமுகத்துக்குப் பின்னால் இறால் உரிக்கிற ஒரு கொட்டகை. உள்ளே முப்பது முப்பத்தைந்து பெண்கள். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில், பூட்டு கதவின் வெளிப்பக்கத்தில். ஐஸ் கொண்டுவருகிற லாரிக்காரர் நல்ல மனுஷர் போலிருக்கிறது. அவர் கையில் கொடுத்தனுப்பி, அவர் தபாலில் போட்டிருக்கிறார்.

முதல் கடிதம் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது. ஈர நாற்றம் அடித்தது. ஆனால் முகவரி அவ்வளவு சுத்தம். கொட்டகை எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம் இருந்தது. படித்துப் பட்டம் வாங்கினவர்களே குறியீடு போடுவதில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இரண்டாம் நாளே பதில் போட்டேன். பன்னிரண்டு நாளில் அட்டை திரும்பி வந்தது, கையெழுத்தோடு. பெரிதாக ஒரு சுழி, சுழிக்குக் கீழே இரண்டு புள்ளி.

இரண்டு மாதம் கழித்து அதே கொட்டகையிலிருந்து இன்னொரு பெண் எழுதினாள். எங்களோடு இருந்தவள் ஒருத்தி உங்களுக்குக் கடிதம் போட்டாள், இப்போது அவளைக் காணவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. முதல் கோப்பை எடுத்து 'முகவரி மாறியுள்ளார்' என்று குறித்தேன். இரண்டாமவளுக்கும் பதில் போட்டேன். சுழியும் இரண்டு புள்ளியும் வந்தன. மூன்றாவது பெண் எழுதினாள், இரண்டாமவளைக் காணோம் என்று. நான் குறித்தேன். பதில் போட்டேன்.

வருஷாந்தரக் கூட்டத்துக்கு நான் தயாரித்த அறிக்கையில் ஒரு வரி உண்டு. 'ஒருவரிடமிருந்தே மீண்டும் வந்த புகார்: ஏதுமில்லை.' தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "ஒருத்தர்கூடத் திரும்ப எழுதலேன்னா, எல்லாருக்கும் திருப்தின்னுதானே அர்த்தம்" என்றார். எங்களுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதுபோல் அதில் ஒரு படம். வேறு பிராந்தியத்து மையத்திலிருந்து நான்கு பேர் வந்து, நான் உறை மடிப்பதை நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். கோந்து அன்றைக்குத் தலைவாரி வந்திருந்தார்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் வங்கியில் கையெழுத்து ஒத்துப்பார்க்கிற வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார்; உறையில் எழுதியிருப்பது அப்பன் கையா மகன் கையா என்று பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மையத்தில் நடக்க இருந்த கண்காட்சிக்காக ஒரு பலகையில் ஒட்டலாம் என்று அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தேன். அப்போது எட்டு அட்டை. அவர் கை கழுவிவிட்டு வந்தவர் துண்டோடு அப்படியே நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் எட்டுப் பேருக்குப் போனதா?"

"ஆமா."

"எட்டும் ஒரே கை."

ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்குள் ஒருவர் வாங்கி எல்லாருக்கும் கொடுத்திருப்பார் என்று சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது வாங்கிக் குடுக்கறவன் கை இல்ல. இது அதிகாரம் பண்றவன் கை. பேனாவை எப்படி அழுத்தியிருக்கான் பாரு. அட்டை கிழிஞ்சிருக்கு."

மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். போடவில்லை என்றார். போடப் போனார். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. நான் அட்டைகளை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை. கண்காட்சியில் வைத்தபோது, தனியுரிமை கருதி, ஒவ்வொரு கையெழுத்தின்மேலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு தையல்காரப் பெண் வரத் தொடங்கினாள். துணிக்கடை ஒன்றில் கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, ரவிக்கைக்கு அகலம் கூட்டுவது என்று சில்லறைத் தையல் வேலை. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அதனால் செவ்வாய்தோறும் காலை ஒன்பதே காலுக்கு எங்கள் பெஞ்சில் இருப்பாள். கழுத்தில் அளவு நாடா தொங்கும். எடுத்து வைக்க மறந்துவிடுவாளாம். அம்மா அப்பா இல்லாமல் தங்கையை அவள்தான் வளர்த்திருக்கிறாள். ஹோட்டலில் வேலை என்று சொல்லித் தங்கையை ஏஜெண்டு ஒருவன் கப்பல் ஏற்றிவிட்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு தடவை போன் வந்தது. பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது என்றாள். ஏஜெண்டு விட்டுப்போன ஒரு சீட்டை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அஞ்சல் குறியீடு எனக்கு மனப்பாடம்.

தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். படிவம் கொடுத்தேன். யாராவது அங்கே நேரில் போய்ப் பார்த்தார்களா என்று கேட்டாள். கடிதப் போக்குவரத்து நல்லபடி நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

"கடிதம் போய்ச் சேருதுன்னா, ஆளும் போய்ச் சேரலாம்தானேம்மா?"

இந்தக் கேள்வியை ஏழு துறையில் ஒருவரும் ஏழு வருஷத்தில் கேட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அட்டைகளைக் காட்டினேன், நம்பிக்கை வரட்டும் என்று. அப்போது பதினொன்று ஆகியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது யாரு போட்டதும்மா?"

"சம்பந்தப்பட்டவர்."

"அது யாரு?"

அதை முடிவு செய்ய மூன்று நாட்டுக்கு மூன்று வருஷம் ஆயிற்று என்று சொன்னேன். அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தங்கைக்குக் கையெழுத்தே போட வராது, பேரை எழுத்து எழுத்தாகத்தான் எழுதுவாள் என்று மட்டும் சொன்னாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே காரியம் சாதித்துவிட்டாள். கூட்டத்துக்கு வருகிற ஏழு பேரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் யாரையும் திட்டமாட்டாள். "போய்ட்டு வந்துட்டீங்களாய்யா?" என்று மட்டும் கேட்பாள், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்ததுபோல. துறைமுகக்காரர் அதற்குப் பயந்து பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார். கடைசியில் ஏழு பேருக்கும் தோதான ஒரு நாள் பார்த்து, இருபத்தொன்றாம் தேதி எல்லாரும் சேர்ந்து கொட்டகைக்குப் போவது என்று முடிவாயிற்று. கூட்டு மையத்தின் முதல் கூட்டுக் காரியம்.

பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, பன்னிரண்டாவது கடிதம் வந்தது. அதே எடைச்சீட்டு, அதே நாற்றம். நீங்கள் அதை மேசையில் வைத்திருக்கிறீர்கள்; ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன்.

'ஐயாவோ அம்மாவோ, நான் பேர் போடல. நீங்க பதில் போடாதீங்க. உங்க பதில் முதலாளி கைக்குத்தான் வருது. எங்களை வரிசையா நிக்கவெச்சு சத்தமா படிச்சுக் காட்டறார். படிச்சு முடிச்சதும் எழுதினவளை வேன்ல ஏத்திடறாங்க. பதினோரு பேரு போயிட்டாங்க. இன்னும் இருபத்து மூணு பேரு இருக்கோம். பதில் வேண்டாம். நேரா வாங்க.'

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். எனக்கு உடனே தோன்றிய சங்கடம் என்னவென்றால், இது மொட்டைக் கடிதம். பெயரில்லாத கடிதத்தைப் பதிவு செய்யக் கூடாது, கிழித்துப் போட வேண்டும் என்பது பொது விதி. இருபத்து மூன்று பேருடைய கடிதத்தைக் குப்பைக்கூடையில் போட எனக்கு மனசு வரவில்லை. நான் கல்மனசுக்காரி இல்லை.

மறுநாள் செவ்வாய். தையல்காரப் பெண் பெஞ்சில் இருந்தாள். கடிதத்தின் மேல்பகுதியை மடித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் காட்டினேன். இந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்டேன்.

அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"எங்க தங்கச்சிதாம்மா. பாருங்க, 'ர'வுக்குக் காலை உள்ளே மடக்கியிருக்கா. டீச்சர்கிட்ட எத்தனை அடி வாங்கினா தெரியுமா இதுக்கு. உயிரோட இருக்காம்மா."

அந்தச் சீட்டை மூக்கருகே கொண்டுபோனாள். முழுதும் படிக்கட்டுமா என்று கேட்டாள். ரகசியக் கோப்பு, முடியாது என்றேன். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. நான் பெயர் கேட்டேன். தங்கையின் பெயரைச் சொன்னாள். எப்படி எழுத வேண்டும் என்றும் சொன்னாள். முதலெழுத்தை விட்டுவிடாதீர்கள், அதே பெயரில் வேறு யாராவது இருந்து குழப்பம் ஆகிவிடப் போகிறது என்று திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் கடிதத்தின் மூலையில் பெயரை எழுதினேன். இப்போது அது மொட்டைக் கடிதம் இல்லை. பதிவேட்டில் ஏறியது.

பதில் தயாரித்தேன். என் நடை உங்களுக்குத் தெரியும். 'பொருள்: பதில் அனுப்ப வேண்டாம் எனக் கோருதல், தொடர்பாக. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. பதில் அனுப்ப வேண்டாம் என்ற தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அதன் மீதான முடிவு தங்களுக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்கப்படும். வரும் இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கூட்டு ஆய்வுக் குழு தங்களை நேரில் சந்திக்கும்.' மேலே பெயர், முதலெழுத்தோடு. கூடவே அவள் கடிதத்தின் நகல். உறையில் 'சம்பந்தப்பட்டவர்'.

கோந்து எந்தக் கடிதத்தையும் படிக்கிறவர் இல்லை. அன்றைக்கு ஏனோ படித்துவிட்டார். உறையைக் கொண்டுவந்து என் மேசையில் திருப்பி வைத்தார்.

"மேடம், இதுல பதில் வேணாம்னுதானே எழுதியிருக்கு?"

"வேணாம்னு எழுதினது கிடைச்சுதுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா அவளுக்கு என்ன ஆகும்னும் எழுதியிருக்கு மேடம்."

விதியை எடுத்துச் சொன்னேன். ஏழு துறை ஒப்புக்கொண்ட ஒரே விதி என்பதையும் சொன்னேன். அவர் உறையை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி என் மேசையில் இருந்தது. நான் அவரிடமே திருப்பி அனுப்பினேன். புதன்கிழமை மறுபடி வந்தது. வியாழக்கிழமை காலை, மூன்று வேலை நாள் முடிகிற நாள், உறை என் மேசையின் நடுவில் இருந்தது. கோந்து விடுப்பு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். பசைக் குப்பியைக் காணோம். என் பஞ்சுக் கிண்ணத்தையும் காணோம். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷர் செய்த ஒரே ஒழுங்கீனம் அதுதான்.

இருபத்தொன்றாம் தேதி நடந்தது உங்களுக்கே தெரியும். ஏழு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். முதலில் இறங்குவது யார் என்று வண்டிக்குள் கொஞ்ச நேரம் பேச்சு நடந்ததாம். கதவு திறந்தே இருந்தது. கொட்டகை காலி. தரை கழுவி, இன்னும் ஈரம் காயவில்லை. ஏழு பேரும் அந்த ஈரத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இருபத்து மூன்று பெண்களில் ஒருத்தியைப் பற்றியும் இன்றுவரை தகவல் இல்லை. சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு கம்பி, கம்பியில் குத்தி என் பன்னிரண்டு கடிதங்கள். பழையது அடியில், புதியது மேலே, தேதி வரிசை பிசகாமல். என் அலமாரியில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள்.

தெரியுமா தெரியாதா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரியும். எட்டாவது அட்டையிலிருந்து தெரியும். வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்னாலேயே தெரியும் என்று நினைக்கிறேன். ஒரே சுழியை எட்டு தடவை கோப்பில் சேர்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். மூன்று நாடு, ஏழு துறை, இத்தனை மேசை நாற்காலி. இதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சக்கரம். அது என் சக்கரம். மாத அறிக்கையில் 'நிலுவை' என்ற கட்டத்தில் விதி வந்த நாளிலிருந்து ஒரு எண்கூட வந்ததில்லை. அந்தப் பெண் பதில் வேண்டாம் என்றாள். அவளுக்காக நான் ஒரு கடிதத்தை நிறுத்தினால், அந்தக் கட்டத்தில் ஒன்று என்று விழும். அந்த ஒன்றை என்னால் பார்க்க முடிந்திருக்காது. நான் யாரையும் பூட்டிவைக்கவில்லை. யாரையும் வேனில் ஏற்றவில்லை. பதில்தான் போட்டேன்.

கோந்துவை விட்டுவிடுங்கள். மற்ற பதினோரு உறையை அவர் ஒட்டினார், உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியாது. பன்னிரண்டாவதை ஒட்டியது நான். பஞ்சு இல்லை, தண்ணீர் இல்லை. நாக்கை நீட்டி, தபால்தலையை நனைத்து ஒட்டினேன். கசந்தது. நானே கையில் எடுத்துக்கொண்டு நடந்து போய், மூடுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கையில் தபால் நிலையத்தில் சேர்த்தேன். பதினெட்டாம் தேதி போய்ச் சேர்ந்தது என்று அட்டையில் முத்திரை இருக்கிறது.

போன செவ்வாயும் தையல்காரப் பெண் வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை, என் மேசைக்கு நேராக வந்தாள். யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். கோந்துவாகத்தான் இருக்கும். சத்தம் போடவில்லை.

"நான் பேரு சொன்னது தப்பாம்மா?"

சொல்லாவிட்டால் பதிவே ஆகியிருக்காது என்றேன். அது உண்மைதானே. அவள் கழுத்து நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். முதலெழுத்தை நான்தானே திரும்பி வந்து சொன்னேன் என்றாள். அதை என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. இந்தச் செவ்வாய் வரவில்லை. பெஞ்சு காலியாக இருந்தது. துறைமுகக்காரர் முன்வாசல் வழியாக வந்தார்.

பன்னிரண்டாவது அட்டையும் திரும்பி வந்துவிட்டது, நேற்றைய தபாலில். அதே சுழி, அதே இரண்டு புள்ளி. இந்தத் தடவை கீழே 'நன்றி' என்று எழுதியிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் நான் போட்ட பதிலுக்கு ஒருவர் நன்றி எழுதியது அதுதான் முதல் தடவை. அதைக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் உங்களைப் பார்க்க வந்தேன்.

அவ்வளவுதான். சொன்னதெல்லாம் நானாகச் சொன்னது, யாரும் வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இந்த வாக்குமூலம் கிடைத்தது என்று எனக்கு ஒரு பதில் போட்டுவிடுங்கள், மூன்று வேலை நாளுக்குள். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் போதும். உறையில் என் பெயர் வேண்டாம், அக்கம்பக்கத்தில் பார்ப்பார்கள். 'சம்பந்தப்பட்டவர்' என்று போடுங்கள். நானே வாங்கிக்கொள்வேன்.